டிவி டியூனர் அட்டையின் ரிமோட்டை லினக்ஸில் இயங்க வைப்பது எப்படி?

கணினியைத் தொலைக்காட்சியாகவும் பயன்படுத்த விரும்பி டியூனர் அட்டை வாங்குபவர்களுக்குப் படமும் ஒலியும் பெரும்பாலும் முதல் நாளே கிடைத்துவிடுகின்றன. அதே பெட்டியில் வந்த ரிமோட்தான் வாரக்கணக்கில் மேசையில் பயனின்றிக் கிடக்கிறது. சிங்கப்பூரின் ஈசூனில் என் பெற்றோர் வசிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் லினக்ஸ் கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்தபோது, தமிழ் ஒளிவழியான வசந்தத்தைப் பார்க்க விரும்பும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "இந்த கீபோர்டெல்லாம் எனக்கு வேணாம்ப்பா, வசந்தம் பாக்க ஒரு பட்டன் இருந்தா போதும்." அந்த ஒரு பொத்தானை இயங்க வைக்க எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. வேலை கடினமானது என்பது அதற்குக் காரணமில்லை; எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ரிமோட்டின் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஒலி அளவு கூடுவதற்கும் இடையே ஆறு கட்டங்கள் உள்ளன. ரிமோட்டின் முனையிலுள்ள விளக்கு அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புகளாக வெளியிடுகிறது. அட்டையோடு இணைந்த சிறிய கண் அதைப் பெறுகிறது. டிரைவர் எனப்படும், அட்டையை இயக்கும் மென்பொருள் அந்தத் துடிப்புகளை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் கொண்டுவருகிறது. கெர்னல் அவற்றை ஒரு குறியெண்ணாகப் புரிந்துகொள்கிறது. விசைப்பட்டியல் அந்தக் குறியெண்ணை ஒரு விசையின் பெயராக மாற்றுகிறது. கடைசியில் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அந்த விசைக்கு ஏற்பச் செயல்படுகிறது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். ஒரு கட்டம் சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும்வரை அடுத்த கட்டத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியுள்ளேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் (டெர்மினல்) அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் எழக்கூடிய இடங்களில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறேன்.

அட்டையைப் பற்றி முதலில் ஒரு செய்தி. சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியபோது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இங்குள்ள மீடியாகார்ப் நிறுவனத்தின் ஒளிவழிகள் அனைத்தும் டிவிபி-டி2 என்ற மின்னிலக்க முறையில் ஒளிபரப்பாகின்றன. ஆகவே பழைய பொருள்களில் கிடைத்த அனலாக் அட்டையோ, டிவிபி-டி முறையை மட்டும் அறிந்த அட்டையோ இங்கே படம் தராது. புதிதாக வாங்குவதானால் 'டி2' என்ற குறிப்பு இருக்கிறதா என்பதையும், அந்த மாதிரியை லினக்ஸ் கெர்னல் ஆதரிக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஆனால் பழைய அட்டையை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். படம் வராவிட்டாலும் அதன் டிரைவர் ஏறினால், அகச்சிவப்புக் கண் தன் வேலையைச் செய்யும். சேமித்து வைத்த படங்களையும் பாடல்களையும் இயக்குவதற்கு அதே கண்ணையும் ரிமோட்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒளியும் கண்ணும்

ரிமோட்டில் புதிய மின்கலங்களைப் போடுங்கள். பல ஆண்டுகளாகக் கிடந்த ரிமோட் என்றால் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சுருள்கம்பிகளைப் பாருங்கள். பழைய மின்கலம் கசிந்து அவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருப்பது இந்த ஊரின் ஈரப்பதத்தில் அடிக்கடி காணக்கூடியது. உலர்ந்த துணியால் தேய்த்தாலே சில நேரங்களில் ரிமோட் உயிர்பெற்றுவிடும். அதன்பின் கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து, பொத்தான் ஒன்றை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி கைப்பேசியின் திரையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புள்ளியாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் எதுவும் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பல கைப்பேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். முன்பக்கத்திலும் தெரியவில்லை என்றால் பழுது ரிமோட்டில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். கணினியில் எதையும் தொட வேண்டாம்.

பெரும்பாலான யூஎஸ்பி டியூனர்களில் கண் குச்சிக்குள்ளேயே அமைந்திருக்கும். கணினிக்கு உள்ளே செருகும் அட்டைகளில், கண் ஒரு மெல்லிய வடத்தின் முனையில் தனியாக வரும். அந்த வடத்தை அட்டையின் பின்பக்கத்திலுள்ள சிறிய துளையில் செருக வேண்டும். அருகிலேயே ஒலிக்கான துளையும் இருப்பதால் இடம் மாற்றிச் செருகிவிடுவது எளிது. நானும் அப்படித்தான் செருகியிருந்தேன். துளைக்கு அருகே பொறித்திருக்கும் எழுத்துகளைக் கைவிளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை படித்துவிட்டுச் செருகுங்கள்.

டிரைவர் ஏறியிருக்கிறதா?

முனையத்தைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் 'சுடூ' (எஸ், யு, டி, ஓ) என்ற சொல்லை அடுத்து, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள்; இரண்டிலும் 'டி' என்பது 'டிரைவர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. கெர்னல் தொடங்கியதிலிருந்து எழுதிவைத்த செய்திகள் அனைத்தும் வரும். அவற்றில் உங்கள் அட்டையின் பெயருக்கு அருகே 'ஆர்சி0' என்ற சொல்லோ, விசைப்பட்டியல் ஒன்று பதிவானதாகக் கூறும் வரியோ இருக்கிறதா என்று தேடுங்கள். இதே செய்தியை 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'ஆர்சி' என்ற இடத்திலும் சரிபார்க்கலாம். அங்கே 'ஆர்சி0' இருந்தால் கெர்னல் உங்கள் கண்ணை அறிந்துகொண்டது என்று பொருள்.

அந்தக் கோப்புறை வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். முதலாவது, டிரைவர் ஏறவே இல்லை. பல யூஎஸ்பி டியூனர்களுக்கு ஃபர்ம்வேர் எனப்படும் கோப்பு தனியாகத் தேவைப்படும்; அது கிடைக்கவில்லை என்றால் கெர்னல் செய்திகளிலேயே கோப்பின் பெயரோடு அந்தக் குறை எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது காரணம் கணினிக்கு உள்ளே செருகும் பழைய பிசிஐ அட்டைகளுக்கு உரியது. எஸ்ஏஏ7134, சிஎக்ஸ்88, பிடி878 போன்ற சில்லுகளை வைத்துப் பல நிறுவனங்கள் அட்டைகளைத் தயாரித்தன. தான் எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதைச் சில அட்டைகள் கணினிக்குச் சரியாகச் சொல்வதில்லை. அப்போது டிரைவர் அதைப் 'பெயர் தெரியாத பொது அட்டை' என்று எடுத்துக்கொள்ளும். கண் எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறது என்பது தெரியாததால் ரிமோட்டை விட்டுவிடும். கெர்னல் ஆவணங்களில் ஒவ்வொரு டிரைவருக்கும் அட்டைகளின் எண் வரிசை தரப்பட்டுள்ளது. உங்கள் மாதிரிக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, 'இடிசி' கோப்புறையிலுள்ள 'மோட்புரோப்.டி' (கடைசி எழுத்து 'டிரைவர்' என்பதன் முதல் எழுத்து) என்ற உட்கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல், டிரைவரின் பெயர், 'கார்டு' என்ற சொல், சமக்குறி, எண் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். எண்ணை ஊகித்துப் போட வேண்டாம். தவறான எண் அட்டையின் கம்பிகளைத் தவறான முறையில் இயக்கும்.

குறியெண்ணைக் கண்ணால் பார்த்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். ஆகவே இதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். தேவையான கருவியின் பெயர் 'ஐஆர்-கீடேபிள்': ஐ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள், ஒரு சிறுகோடு, அதன்பின் கீ, டேபிள் என்ற இரண்டு சொற்களும் இடைவெளி இல்லாமல். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வெளியீடுகளில் இதே பெயரில் ஒரு தொகுப்பு உண்டு. ஃபெடோரா வெளியீட்டில் இது 'வி4எல்-யுடில்ஸ்' தொகுப்போடு வருகிறது. நிறுவிய பின் 'சுடூ' சேர்த்து இந்தக் கட்டளையை மட்டும் தட்டினால், கண்டறியப்பட்ட கண், அதன் டிரைவர், இப்போது பயன்பாட்டிலுள்ள விசைப்பட்டியல், ஆதரிக்கப்படும் நெறிமுறைகள், அவற்றில் இயங்கிக்கொண்டிருப்பவை ஆகிய அனைத்தும் வரிசையாக வரும். அந்த விவரத்தை ஒரு கோப்பில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறை என்பது ஒளித் துடிப்புகளின் இலக்கணம். பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆர்சி-5 முறையில் ஒளி வினாடிக்கு 36,000 முறை துடிக்கிறது, ஒரு செய்தியில் 14 பிட்டுகள் உள்ளன. என்ஈசி முறையில் துடிப்பு 38,000. செய்தி 9 மில்லிவினாடி நீளமுள்ள ஒரு நீண்ட ஒளிவீச்சோடு தொடங்கி, 32 பிட்டுகளைச் சுமந்து வருகிறது. சோனியின் முறையில் துடிப்பு 40,000. கெர்னல் எந்த இலக்கணத்தை எதிர்பார்க்கிறதோ அதே இலக்கணத்தில் ரிமோட் பேசினால்தான் செய்தி புரியும்.

இனி அதே கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் 'டி' ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) என்ற சிறிய எழுத்தும் சேர்த்து இயக்குங்கள். இது சோதனை நிலை. ரிமோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒலிகூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சிவப்பு நிற மின்பொத்தானை மட்டும் இப்போது தொட வேண்டாம். சோதனை நடக்கும்போதும் விசைகள் கணினிக்குச் சென்றுகொண்டுதான் இருக்கும் என்பதால் கணினி அணைந்துவிடக்கூடும்.

திரையில் காண்பதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. குறியெண்ணைக் காட்டும் வரியும் அதை அடுத்து விசையின் பெயரைக் காட்டும் வரியும் வந்தால் கெர்னல் வரையிலான அனைத்துக் கட்டங்களும் சரி. எஞ்சியிருப்பது மென்பொருள் மட்டுமே. குறியெண் மட்டும் வந்து விசையின் பெயர் வராவிட்டால், ஒளி புரிந்துகொள்ளப்பட்டது, ஆனால் அந்த எண் விசைப்பட்டியலில் இல்லை என்று பொருள். எதுவுமே வராவிட்டால் நெறிமுறை பொருந்தவில்லை அல்லது ஒளி கண்ணை எட்டவில்லை. அந்த நிலையில் சோதனையைக் கன்ட்ரோல்-சி விசைகளால் நிறுத்திவிட்டு, கட்டளையோடு சிறுகோடு, சிறிய எழுத்து 'பி' ('புரோட்டோகால்' என்பதன் முதல் எழுத்து), இடைவெளி, 'ஆல்' ஆகியவற்றைச் சேர்த்து எல்லா நெறிமுறைகளையும் இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். குறியெண்ணோடு நெறிமுறையின் பெயரும் திரையில் வந்தால், உங்கள் ரிமோட் எந்த இலக்கணத்தில் பேசுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஹாப்பாஜ் நிறுவன ரிமோட்டின் ஒலிகூட்டும் பொத்தானுக்குக் கிடைக்கும் குறியெண் 1இ10. இது பதினாறின் அடிமான எண்; அதில் 'இ' போன்ற எழுத்துகளும் இலக்கங்களே. முதல் இரண்டு இலக்கங்களான '1இ' அந்த ரிமோட்டின் முகவரி. அடுத்த இரண்டான '10' பொத்தானின் எண். ஒலிகுறைக்கும் பொத்தானை அழுத்தினால் 1இ11 வரும். முகவரி எல்லாப் பொத்தான்களுக்கும் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தால், வீட்டிலுள்ள வேறொரு ரிமோட்டின் ஒளி தவறிப்போய்ப் பதிவாகியிருந்தால் அதை உடனே இனம்காண முடியும்.

சில பழைய அட்டைகளில் சில்லே துடிப்புகளைப் படித்து ஓர் எண்ணை மட்டும் கெர்னலிடம் கொடுக்கிறது. அத்தகைய அட்டைகளில் நெறிமுறையை மாற்ற முடியாது. பெட்டியில் வந்த ரிமோட்டைத் தவிர வேறு ரிமோட் இயங்குவது அரிது. தொலைந்துபோன ரிமோட்டுக்குப் பதிலாகப் பொது ரிமோட் ஒன்றை வாங்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென ஒரு விசைப்பட்டியல்

'லிப்' கோப்புறைக்குள் 'யுடெவ்', அதற்குள் 'ஆர்சி_கீமேப்ஸ்' என்ற இடத்தில் பல ரிமோட்டுகளுக்கான பட்டியல்கள் ஆயத்தமாக உள்ளன. உங்கள் ரிமோட்டுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, 'இடிசி' கோப்புறையிலுள்ள 'ஆர்சி_கீமேப்ஸ்' என்ற இடத்துக்கு வேறு பெயரில் நகலெடுங்கள். கோப்புப் பெயர் புள்ளி, டி ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து), ஓ, எம், எல் என்று முடியட்டும். மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள். தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். கோப்புக்குள் நெறிமுறையின் பெயரும், அதன் கீழே வரிக்கு ஒன்றாகக் குறியெண், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் விசையின் பெயர் ஆகியவையும் இருக்கும். ஒரு தாளில் ரிமோட்டின் படத்தை வரைந்து, ஒவ்வொரு பொத்தானையும் சோதனை நிலையில் அழுத்தி, கிடைக்கும் எண்ணை அதன்மேல் எழுதிக்கொண்டு, பிறகு கோப்பை நிரப்புங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும்.

எந்த விசைப் பெயரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சாளர முறை 255 வரையிலான விசையெண்களை மட்டுமே அறியும். அதிலும் கெர்னலின் எண்ணோடு 8 கூட்டப்படுவதால், கெர்னலில் 247க்கு மேற்பட்ட விசைகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. ரிமோட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட 'கீ_ஓகே' விசையின் எண் 352. ஒளிவழி மாற்றும் விசைகள் 402, 403. ரிமோட் எண் விசைகள் 512இலிருந்து தொடங்குகின்றன. சோதனை நிலையில் எல்லாப் பொத்தான்களும் சரியாகத் தெரிந்தும், மென்பொருளில் ஒலி விசைகள் மட்டும் இயங்கி ஓகே பொத்தான் இயங்காமல் போவதற்கு இதுவே காரணம். தீர்வு எளிது. ஓகே பொத்தானுக்கு 'கீ_என்டர்', எண்களுக்கு 'கீ_1', 'கீ_2' என்ற சாதாரண விசைகள், ஒளிவழி மாற்றத்துக்குப் 'பேஜ்அப்', 'பேஜ்டவுன்' விசைகள், திரும்பிச் செல்வதற்குப் 'பேக்ஸ்பேஸ்' என்று விசைப்பலகையில் உள்ளவற்றையே கொடுங்கள். பின்னர் உங்கள் மென்பொருளின் விசை அமைப்புகளில் பேஜ்அப் விசையை அடுத்த ஒளிவழிக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

மின்பொத்தானுக்கு முடிவு எடுப்பது உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது. 'கீ_பவர்' என்ற பெயரை அப்படியே விட்டால், பல லினக்ஸ் வெளியீடுகளில் ஒரே அழுத்தத்தில் கணினி அணைந்துவிடும். ஒருநாள் மாலை தொலைக்காட்சியை அணைக்க நினைத்து அம்மா அந்தப் பொத்தானை அழுத்த, பின்னணியில் பதிவாகிக்கொண்டிருந்த நிகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டது. அவர் அதற்காக இரண்டு நாள்கள் வருந்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோடி என்ற ஊடக மென்பொருளில் 'எஸ்' விசை அணைப்புப் பட்டியலைத் திறக்கும். ஆகவே சிவப்புப் பொத்தானுக்குக் 'கீ_எஸ்' என்று கொடுத்தேன். இப்போது கணினி அணைவதற்கு முன் திரையில் தெரிவுகள் வருகின்றன, அவரும் அச்சமின்றி அதை அழுத்துகிறார்.

கோப்பு ஆயத்தமானதும் 'ஐஆர்-கீடேபிள்' கட்டளையோடு சிறுகோடு, 'சி' சேர்த்துப் பழைய பட்டியலை நீக்கி, சிறுகோடு, 'டபிள்யூ', இடைவெளி, கோப்பின் முழுப் பாதை என்று எழுதிப் புதியதை ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்தும் எழுதலாம். ஒவ்வொரு பொத்தானையும் சோதனை நிலையில் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இந்த மாற்றம் கணினியை அணைத்தால் மறைந்துவிடும். நிலையாக்குவதற்கு 'இடிசி' கோப்புறையிலுள்ள 'ஆர்சி_மேப்ஸ்.சிஎஃப்ஜி' என்ற கோப்பைத் திறந்து, உங்கள் கண்ணின் டிரைவருக்கோ பட்டியலுக்கோ உரிய வரியைத் தேடி, அதன் கடைசிப் பகுதியில் உங்கள் கோப்பின் பெயரை எழுதுங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் டிரைவரின் பெயர், பட்டியலின் பெயர், கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் சேருங்கள். முதல் இரண்டும் நீங்கள் முன்பு சேமித்த விவரக் கோப்பிலேயே இருக்கின்றன.

அடிக்கடி வரும் தொல்லைகள்

ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை நகர்வது மிகப் பரவலான தொல்லை. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி 'லிர்க்' என்ற தொகுப்பையும் நிறுவியிருந்தால் அதுவும் கெர்னலும் ஒரே பொத்தானைத் தனித்தனியாக மென்பொருளிடம் கொண்டுசேர்க்கின்றன. கெர்னலே குறியெண்ணைப் புரிந்துகொள்ளாத காலத்தில் லிர்க் இன்றியமையாததாக இருந்தது; மேலே சொன்ன சோதனையில் விசையின் பெயர் வருமானால், அது உங்களுக்குத் தேவையில்லை. அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது ஒலி தாவிச் செல்வது இன்னொன்று. பொதுவாக 500 மில்லிவினாடிக்குப் பின் விசை திரும்பத் திரும்பச் செயல்படத் தொடங்கி, 125 மில்லிவினாடிக்கு ஒருமுறை தொடரும். 'ஐஆர்-கீடேபிள்' கட்டளையோடு சிறுகோட்டை அடுத்துச் சேர்க்கும் பெரிய எழுத்து 'டி' ('டிலே' என்பதன் முதல் எழுத்து) முதல் காத்திருப்பையும், பெரிய எழுத்து 'பி' ('பீரியட்' என்பதன் முதல் எழுத்து) இடைவெளியையும் மாற்றும். பொத்தானிலிருந்து விரலை மெதுவாக எடுக்கும் முதியவர்களுக்கு முதல் எண்ணை 700 அளவுக்கு உயர்த்திக் கொடுத்தால் பெரிதும் வசதியாக இருக்கும்.

மூன்றாவது தொல்லையை இந்த ஊர் வீடுகளில் மறக்கவே கூடாது. என் பெற்றோரின் வீட்டில் காலையிலும் இரவிலும் நன்றாக இயங்கிய ரிமோட் மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மட்டும் செயலிழந்தது. விசைப்பட்டியலைப் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகே, மேற்குச் சன்னல் வழியாக வரும் வெயில் நேராகக் கண்ணின்மேல் விழுவதைக் கவனித்தேன். வெயிலிலும் அகச்சிவப்பு மிகுதியாக உண்டு. அதில் மூழ்கிய கண்ணால் ரிமோட்டின் மெல்லிய துடிப்பைப் பிரித்தறிய முடிவதில்லை. கண்ணைத் தொலைக்காட்சி மேசையின் மேல்தட்டுக்கு அடியில், நிழல் விழும் இடத்தில் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டினேன். யூஎஸ்பி டியூனர் வைத்திருப்பவர்கள் ஒரு மீட்டர் நீட்டிப்பு வடம் வாங்கி, குச்சியைக் கணினியின் பின்புறத்திலிருந்து முன்னால் கொண்டுவந்து இதேபோல் நிழலில் வைக்கலாம். ஒட்டுவதற்கு முன், வீட்டில் எல்லாரும் வழக்கமாக உட்காரும் இருக்கைகளிலிருந்து ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; சோஃபாவின் ஓரத்தில் அப்பா அமரும் இடத்திலிருந்து எட்டவில்லை என்பதை நான் ஒட்டிய பிறகுதான் அறிந்தேன், நாடாவைப் பிய்த்து இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தி ஒட்ட வேண்டியதாயிற்று.